வரி பாக்கிக்காக ஏலத்துக்கு வரும் சொத்துகள்: டாக்ஸ் லீன், டாக்ஸ் டீட் பற்றிய தொடக்க விளக்கம்

அமெரிக்காவில் சொத்து வரி கட்டாதவர்களின் வீடுகளை அரசு ஏலம் விடுகிறது, கையில் சில ஆயிரம் டாலர் இருந்தால் ஒரு வீட்டையே வாங்கிவிடலாம், வீடு கிடைக்காமல் போனாலும் 18 சதவீத வட்டி உறுதி என்ற பேச்சு முதலீட்டு வகுப்புகளிலும் காணொளிகளிலும் நெடுநாளாகச் சுற்றி வருகிறது. இந்தப் பேச்சில் வரும் செய்திகளைத் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு மாநிலத்தில் உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு மாநிலத்தின் வட்டி வீதம், இன்னொரு மாநிலத்தின் ஏல விலை, மூன்றாவது மாநிலத்தின் கெடு என்று வெவ்வேறு சட்டங்களிலிருந்து பிய்த்தெடுத்து ஒட்டப்பட்டிருப்பதால், மொத்தமாகக் கேட்பவருக்கு எங்குமே இல்லாத ஒரு திட்டம் கண்முன் வந்து நிற்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவருடைய கடனை வாங்குவதும் அவருடைய சொத்தை வாங்குவதும் ஒன்றுதான் என்பதுபோல இந்தப் பேச்சு நடக்கிறது. அந்த இரண்டையும் பிரித்து வைத்துப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

## சொத்து வரி ஏன் மற்றக் கடன்களுக்கு முன்னால் நிற்கிறது

அமெரிக்காவில் சொத்து வரியை வசூலிப்பது மத்திய அரசு அன்று. கவுண்டி எனப்படும், நம் மாவட்டத்தைப் போன்ற உள்ளாட்சி அமைப்போ, சில மாநிலங்களில் நகராட்சியோ வசூலிக்கிறது. பள்ளிக்கூடம், தீயணைப்பு, காவல், சாலை ஆகியவற்றுக்கான பணத்தில் கணிசமான பங்கு இந்த வரியிலிருந்தே வருகிறது. ஆயிரம் வீடுகளில் ஐம்பது வீட்டுக்காரர்கள் கட்டாமல் விட்டாலும் ஆசிரியர்களுக்கான சம்பளம் நிற்க முடியாது என்பதால், இந்த வரிக்கு மாநிலச் சட்டங்கள் மிகக் கடுமையான ஒரு பாதுகாப்பைக் கொடுத்திருக்கின்றன. வரி விதிக்கப்பட்ட உடனேயே, எவருடைய கையெழுத்தும் இல்லாமல், அந்தச் சொத்தின் மேல் ஒரு வில்லங்கம் ஏறிவிடுகிறது. அதற்குத்தான் டாக்ஸ் லீன் என்று பெயர்.

நம் ஊர் நகை அடகை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். அடகு வைத்த நகை, வைத்தவருடையதுதான்; அடகுக் கடைக்காரருக்கு அதன் மேல் ஒரு பிடி மட்டுமே இருக்கிறது. கெடுவுக்குள் அசலையும் வட்டியையும் கட்டினால் நகை மீண்டுவிடும், கட்டாவிட்டால் மூழ்கிப்போகும். டாக்ஸ் லீனும் அப்படிப்பட்ட ஒரு பிடியே. வேறுபாடு என்னவென்றால், இங்கே யாரும் கடை தேடிப் போய் எதையும் அடகு வைப்பதில்லை. சட்டமே அந்தப் பிடியைப் போட்டுவிடுகிறது. முதலீட்டாளர் என்பவர், அடகுக் கடைக்காரரிடம் பணத்தைக் கொடுத்து அந்த ஓர் அடகைத் தன் பேருக்கு மாற்றிக்கொள்பவரைப் போன்றவர். நகை அவர் கைக்கு வருவதில்லை. நகையின் மேலுள்ள பிடிதான் வருகிறது.

இந்தப் பிடியின் வலிமை அதன் வரிசையில் இருக்கிறது. சாதாரண வில்லங்கங்களில் முதலில் பதிவானதே முதலில் நிற்கும்; ஒரு வங்கி 2005-இல் அடமானம் பதிவு செய்திருந்தால், 2015-இல் கடன் கொடுத்தவர் அதற்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். சொத்து வரிக்கு இந்த விதி பொருந்தாது. 2024-இல் ஏற்பட்ட வரி பாக்கிகூட, இருபது ஆண்டுகளுக்கு முன் பதிவான வங்கி அடமானத்தைத் தாண்டி முன்வரிசைக்கு வந்துவிடும். மூன்று லட்சம் டாலர் கடன் கொடுத்த வங்கி, மூவாயிரம் டாலர் வரி பாக்கிக்காகத் தன் பிணையத்தையே இழக்கக்கூடும். இந்த ஒரு விதியிலிருந்துதான் இந்த முதலீட்டின் பாதுகாப்பும் பிறக்கிறது, சிக்கலும் பிறக்கிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: வரி பாக்கி என்பது சொத்தின் மேல் தானாக ஏறும் வில்லங்கம், அது அடமானத்துக்கும் முந்தியது, ஆனால் அது உரிமை மாற்றம் ஆகாது.

## லீன் விற்பனை: விற்கப்படுவது கடன்

பாக்கிதாரர்களைத் துரத்திப் பிடிக்க ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதற்குப் பதிலாக, சில மாநிலங்களில் கவுண்டிகள் அந்த வில்லங்கத்தை முதலீட்டாளர்களுக்கு விற்றுவிடுகின்றன. முதலீட்டாளர் வரி பாக்கியை முழுவதுமாகக் கட்டுகிறார். கவுண்டிக்குப் பணம் உடனே வந்துவிடுகிறது. முதலீட்டாளருக்கு ஒரு சான்றிதழ் கிடைக்கிறது. பிறகு வீட்டுக்காரர் பாக்கியை வட்டியோடு கவுண்டியிடம் கட்டும்போது, கவுண்டி அதைச் சான்றிதழ் வைத்திருப்பவருக்குக் கொடுத்துவிடும். இப்படி வீட்டுக்காரர் கட்டித் தீர்ப்பதை மீட்பு என்றும், அதற்காகச் சட்டம் அளிக்கும் கெடுவை மீட்புக் காலம் என்றும் சொல்கிறோம்.

ஃபுளோரிடாவை எடுத்துக்கொண்டு நெருங்கிப் பார்க்கலாம். அங்கே ஆண்டு வரி நவம்பர் 1 முதல் கட்டலாம். நவம்பரிலேயே கட்டுபவருக்கு 4 சதவீதத் தள்ளுபடி உண்டு; அது மாதம் ஒரு சதவீதமாகக் குறைந்து மார்ச்சில் இல்லாமல் போகும். ஏப்ரல் 1 வந்துவிட்டால் அது பாக்கி. அடுத்து ஜூன் 1-க்குள் கவுண்டியின் வரி வசூல் அதிகாரி சான்றிதழ் ஏலத்தைத் தொடங்க வேண்டும்; பெரும்பாலும் இணையம் வழியாகவே அது நடக்கிறது.

இந்த ஏலத்தில் விலை ஏறுவதில்லை, வட்டி இறங்குகிறது. பாக்கித் தொகை எல்லாருக்கும் ஒன்றுதான். "எனக்கு இத்தனை சதவீதம் போதும்" என்று யார் மிகக் குறைவாகக் கேட்கிறாரோ அவருக்கே சான்றிதழ். தொடக்கப் புள்ளி 18 சதவீதம். அங்கிருந்து கால் கால் சதவீதமாக இறங்கிக்கொண்டே போகும். 18 சதவீத வட்டி உறுதி என்ற பேச்சு பிறந்த இடங்களில் இதுவும் ஒன்று. சட்டத்தில் எழுதியிருக்கும் உச்ச வரம்பை, கையில் கிடைக்கும் வருமானம் என்று படித்துவிடுகிறார்கள். நல்ல இடத்தில், நல்ல வீட்டின் மேல் இருக்கும் சான்றிதழுக்கு ஆயிரக்கணக்கான சான்றிதழ்களை மொத்தமாகக் கேட்கும் முதலீட்டு நிதிகளும் வங்கிகளும் போட்டியிடுவதால், வட்டி கால் சதவீதம் வரை இறங்குவது வழக்கமான காட்சி. யாருமே கேட்காத சான்றிதழ் மட்டும் 18 சதவீதத்தில் கவுண்டியின் பெயரிலேயே நின்றுவிடும். யாருமே ஏன் கேட்கவில்லை என்பது அந்த இடத்தில் யோசிக்க வேண்டிய கேள்வி.

கால் சதவீதத்துக்கு ஏன் ஒருவர் பணத்தைப் போட வேண்டும் என்ற ஐயம் எழும். ஃபுளோரிடாச் சட்டத்தில் ஒரு தரைத்தளம் இருக்கிறது: சேர்ந்த வட்டி எவ்வளவு குறைவாக இருந்தாலும், பூஜ்யத்துக்கு மேல் கேட்டவருக்கு மீட்பின்போது குறைந்தது 5 சதவீதம் கிடைக்கும். ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். 3,000 டாலர் சான்றிதழைக் கால் சதவீதத்துக்கு எடுத்தவருக்கு மூன்றே மாதத்தில் மீட்பு வந்தால் 150 டாலர் கிடைக்கும். மூன்று மாதத்துக்கு அது மிக நல்ல வருமானம். அதே சான்றிதழ் இருபது மாதம் கழித்து மீண்டாலும் கிடைப்பது அதே 150 டாலர்தான். ஆண்டுக்கணக்கில் அது 3 சதவீதம். ஆகவே, இந்த வணிகத்தில் வருமானத்தைத் தீர்மானிப்பது வட்டி வீதத்தைவிட, மீட்பு எத்தனை விரைவாக வருகிறது என்பதே. அது முதலீட்டாளர் கையில் இல்லை.

## மாநிலத்துக்கு மாநிலம் மாறும் ஏல முறை

அரிசோனாவிலும் வட்டியை இறக்கும் முறைதான். அங்கே தொடக்கம் 16 சதவீதம். ஐயோவாவில் வட்டி மாதம் 2 சதவீதம் என்று நிலையாக இருக்கும். அங்கே இறங்குவது வட்டி அன்று, மீட்கப்படாவிட்டால் சொத்தில் எத்தனை பங்கு தனக்குப் போதும் என்பது.

நியூ ஜெர்சி கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டிய மாநிலம். அங்கே தமிழர்கள் கணிசமாக வாழ்கிறார்கள் என்பதும் ஒரு காரணம். அங்கே 564 நகராட்சிகள் இருக்கின்றன; வரி ஏலத்தை நடத்துவது கவுண்டி அன்று, ஒவ்வொரு நகராட்சியும் தனித்தனியே. கேட்பு 18 சதவீதத்தில் தொடங்கிப் பூஜ்யம் வரை இறங்கும். பூஜ்யத்துக்குக் கீழே இறங்க இடமில்லை என்பதால், அதன் பிறகு பிரீமியம் என்ற பெயரில் கூடுதல் பணத்தை ஏற்றிக் கேட்கத் தொடங்குவார்கள். அதாவது வட்டியே வேண்டாம் என்பதோடு, மேலே சில ஆயிரம் டாலரும் தருகிறேன் என்பார்கள். முதன்முறை பார்ப்பவருக்கு இது விபரீதமாகத் தோன்றும். அதன் விடை அடுத்தடுத்த ஆண்டுகளில் இருக்கிறது. சான்றிதழை வைத்திருப்பவர், அதே சொத்தில் பிறகு சேரும் வரி பாக்கிகளையும் கட்டி, தன் சான்றிதழோடு சேர்த்துக்கொள்ளலாம். அந்தப் பிற்கால பாக்கிக்குப் போட்டி கிடையாது. 1,500 டாலர் வரை 8 சதவீதமும், அதற்கு மேல் 18 சதவீதமும் வரை நகராட்சி வட்டி விதிக்க முடியும். பூஜ்யத்துக்கு வாங்கிய சான்றிதழ், 18 சதவீதம் ஈட்டும் வரிசையில் நுழைவதற்கான சீட்டாக மாறுகிறது. பிரீமியத் தொகை, ஐந்து ஆண்டுக்குள் மீட்பு நடந்தால் முதலீட்டாளருக்குத் திரும்பும். இல்லையென்றால் நகராட்சிக்கே போய்விடும். இந்தக் கணக்கெல்லாம் பல ஆண்டுகள் பணத்தைப் பூட்டி வைக்க முடிந்தவருக்கே பொருந்தும்.

இதே நியூ ஜெர்சியில்தான், போட்டியில்லாமல் வட்டியை உயரத்திலேயே வைத்துக்கொள்வதற்காக முதலீட்டாளர்கள் சிலர் தங்களுக்குள் லீன்களைப் பங்கு பிரித்துக்கொண்டு ஏலம் கேட்டது வெளியே வந்தது. 2009 வரை பல ஆண்டுகள் நடந்த அந்தக் கூட்டுச்சதிக்காக, மத்திய நீதித்துறையின் போட்டிச் சட்டப் பிரிவு வழக்குத் தொடுத்து, பலர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். பாதிக்கப்பட்டவர்கள் வீட்டுக்காரர்கள்: நியாயமான போட்டி இருந்திருந்தால் குறைந்த வட்டியில் மீட்டிருக்க வேண்டியதை, அதிக வட்டி கட்டி மீட்டார்கள்.

## பெரும்பாலும் மீட்பே நடக்கிறது, ஏன்?

லீன் வாங்கியவர் வீட்டை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தால் ஏமாற்றமே மிஞ்சும். முதல் காரணம், வீட்டின் மதிப்பு. இரண்டு லட்சம் டாலர் வீட்டை மூவாயிரம் டாலருக்காக யாரும் விடமாட்டார்கள்; கடன் வாங்கியாவது கட்டுவார்கள். இரண்டாவது, வங்கி. வீட்டுக் கடன் இருக்கும் சொத்துகளில் வங்கியே மாதத் தவணையோடு வரிக்கான பணத்தையும் வாங்கி, எஸ்க்ரோ எனப்படும் தனிக் கணக்கில் சேர்த்து, உரிய நாளில் கட்டிவிடும். எஸ்க்ரோ இல்லாத கடனிலும், வரிப் பிடி தன் அடமானத்தை விழுங்கிவிடும் என்று தெரிந்த வங்கி, கெடு முடிவதற்குள் தானே கட்டிவிட்டுக் கடன் வாங்கியவர் கணக்கில் ஏற்றிக்கொள்ளும்.

அப்படியானால் மீட்கப்படாமல் கடைசிவரை நிற்பவை எவை? பெரும்பாலும் யாருக்குமே வேண்டாத சொத்துகள்: இரண்டு மனைகளுக்கு நடுவே அளவுப் பிழையால் மிஞ்சிய நான்கடி அகலத் துண்டு, மழைநீர் தேங்குவதற்காக ஒதுக்கிய பள்ளம், சாலை இல்லாத பாலைவன மனை, எண்ணெய்க் கசிவு ஊறிய பழைய பெட்ரோல் பங்க். இவற்றின் லீனை வாங்கியவர் சொத்தைப் பெற்றாலும் நஷ்டமே. மீதி உள்ளவை, மீட்கும் வழி தெரியாத முதியவர்களும், தாத்தாவின் பெயரிலேயே வீட்டை வைத்துக்கொண்டு வாழும் வாரிசுகளும் குடியிருக்கும் வீடுகள். அவர்கள் விஷயத்தை ஓர் எண்ணாக மட்டும் பார்க்க என்னால் முடிவதில்லை. கீழே அது மீண்டும் வரும்.

## மீட்காவிட்டால் வீடு தானாக வருமா

வராது. இது மிகப் பரவலான தவறான புரிதல் என்பதால் ஃபுளோரிடாவின் நடைமுறையை முழுவதும் சொல்கிறேன். சான்றிதழ் வெளியான ஆண்டின் ஏப்ரல் 1-இலிருந்து இரண்டு ஆண்டுகள் கழிந்த பிறகுதான் அதை வைத்திருப்பவர் டாக்ஸ் டீடுக்கு விண்ணப்பிக்கலாம். டாக்ஸ் டீட் என்பது, வரி பாக்கிக்காக நடக்கும் விற்பனையின் முடிவில் சொத்துரிமையை மாற்றித் தரும் பத்திரம். விண்ணப்பிக்கும்போது அவர் அதே சொத்தின் மேல் மற்றவர்கள் வைத்திருக்கும் சான்றிதழ்களையும், நிலுவையில் உள்ள வரியையும், தேடல் கட்டணம், அறிவிப்புக் கட்டணம் ஆகியவற்றையும் தன் கையிலிருந்து கட்ட வேண்டும். மூவாயிரம் டாலர் போட்டவர் இந்தக் கட்டத்தில் பன்னிரண்டாயிரம் டாலர் எடுத்து வைக்க வேண்டி வரலாம். அந்தப் பணத்துக்கு மாதம் ஒன்றரை சதவீத வட்டி ஓடும்.

அதன் பிறகு வருவது வீடு அன்று, இன்னொரு பொது ஏலம். விண்ணப்பித்தவர் கட்டிய மொத்தத் தொகையே தொடக்க விலை. அது உரிமையாளரின் சொந்தக் குடியிருப்பாகச் சலுகை பெற்ற வீடு என்றால், வரிக்கான மதிப்பீட்டில் பாதியும் தொடக்க விலையோடு சேர்க்கப்படும். யார் அதிகம் கேட்கிறாரோ அவருக்கே பத்திரம். விண்ணப்பித்தவருக்கு அவர் போட்ட பணமும் வட்டியும் திரும்பும். யாருமே கேட்காதபோதுதான் சொத்து அவரிடம் வந்து சேரும். இவ்வளவையும் செய்யாமல் ஏழு ஆண்டுகள் சும்மா இருந்துவிட்டால் சான்றிதழே செல்லாததாகி, அசலும் போய்விடும்.

அரிசோனாவிலும் நியூ ஜெர்சியிலும் வேறு பாதை: அங்கே கெடு முடிந்த பிறகு, மீட்கும் உரிமையை முடித்து வைக்கச் சொல்லி நீதிமன்றத்தில் ஃபோர்குளோஷர் வழக்குப் போட வேண்டும். அரிசோனாவில் அதற்கு மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டும், நியூ ஜெர்சியில் தனியாருக்கு இரண்டு ஆண்டுகள். வழக்கறிஞர் கட்டணம் இதில் முதலீட்டாளர் பாடு.

லீன் பற்றிய பகுதி இத்துடன் முடிகிறது. சுருக்கமாக: வாங்குவது கடன், வருமானம் வட்டி, சொத்து கிடைப்பது அரிது, கிடைத்தாலும் கூடுதல் பணமும் வழக்கும் உண்டு.

## டீட் விற்பனை: விற்கப்படுவது சொத்து

கலிஃபோர்னியா, மிச்சிகன் போன்ற மாநிலங்களில் முதலீட்டாளருக்கு இடைப்பட்ட கடன் பங்கு எதுவும் கிடையாது. கவுண்டியே காத்திருந்து, கெடு முடிந்ததும் சொத்தை நேரடியாக ஏலம் விடும். இங்கே வழக்கமான ஏலம்போல விலை ஏறும். கலிஃபோர்னியாவில் வீடுகளைப் பொறுத்தவரை பொதுவாக ஐந்து ஆண்டு பாக்கிக்குப் பிறகே விற்பனைக்கு வரும். உரிமையாளர் ஏலத்துக்கு முந்தைய வேலைநாளின் அலுவல் நேரம் முடியும்வரை கட்டி மீட்டுக்கொள்ளலாம். எனவே பட்டியலில் பார்த்து, நேரில் போய் வீட்டை வெளியிலிருந்து பார்த்து, பணத்தையும் தயார் செய்த பிறகு, ஏல நாளன்று காலையில் அந்தச் சொத்து பட்டியலிலேயே இல்லாமல் போவது மிகச் சாதாரணம்.

சில நூறு டாலருக்கு வீடு என்ற பேச்சு பெரும்பாலும் மிச்சிகனிலிருந்து, குறிப்பாக டெட்ராய்ட் நகரம் அடங்கிய வெயின் கவுண்டியிலிருந்து வருகிறது. 2008-இன் நிதி நெருக்கடிக்குப் பிந்தைய ஆண்டுகளில் அங்கே ஆயிரக்கணக்கான வீடுகள் வரி பாக்கியால் கவுண்டி வசம் போயின. முதல் சுற்றில் பாக்கித் தொகைக்கும் யாரும் கேட்காத வீடுகள், அக்டோபரில் நடந்த இரண்டாம் சுற்றில் 500 டாலரில் தொடங்கி ஏலம் விடப்பட்டன. 500 டாலர் என்ற எண் உண்மை. அந்த விலைக்கு எடுத்த வீட்டில் செப்புக் குழாய்களும் வெந்நீர்க் கொதிகலனும் திருடு போயிருக்கும், கூரை சரிந்திருக்கும், அந்த ஆண்டின் வரியையும் வாங்கியவரே கட்ட வேண்டும் என்பதும் உண்மைதான். இரண்டாவது உண்மையைச் சொல்லாமல் முதலாவதை மட்டும் சொல்வதைத்தான் நான் குறை கூறுகிறேன்.

டெக்சஸும் ஜார்ஜியாவும் லீன் முறைக்கும் டீட் முறைக்கும் நடுவில் நிற்கின்றன. அங்கே மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை ஏலம் நடந்து, வாங்கியவருக்குப் பத்திரமும் கிடைக்கும். ஆனால் பழைய உரிமையாளருக்கு அதன் பிறகும் மீட்கும் உரிமை உண்டு. டெக்சஸில் சொந்தக் குடியிருப்பு வீட்டுக்கும் விவசாய நிலத்துக்கும் இரண்டு ஆண்டுகள், மற்றவற்றுக்கு 180 நாள்கள். முதல் ஆண்டில் மீட்பவர் ஏல விலையோடு 25 சதவீதமும், இரண்டாம் ஆண்டில் 50 சதவீதமும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இது வட்டி அன்று, தண்டத் தொகை. 40,000 டாலருக்கு எடுத்ததை ஒரே மாதத்தில் மீட்டாலும் 10,000 டாலர் கூடுதலாகக் கொடுத்தாக வேண்டும். ஜார்ஜியாவில் முதல் ஆண்டுக்கு 20 சதவீதம், அடுத்து ஒவ்வோர் ஆண்டுக்கும் மேலும் 10 சதவீதம். கேட்க ஆசையாக இருக்கும். ஆனால் மீட்புக் காலம் முடியும்வரை அந்த வீட்டில் பெரிய பழுதுபார்ப்புச் செலவு செய்வதும், அதை விற்பதும் நடைமுறையில் இயலாத காரியம் என்பதை மறக்கக் கூடாது.

## அந்தப் பத்திரம் எவ்வளவு உறுதியானது

சாதாரண வீட்டு விற்பனையில் விற்பவர் உரிமைக்குப் பொறுப்பேற்கிறார். டைட்டில் இன்ஷூரன்ஸ் என்ற காப்பீடு, பின்னால் யாராவது உரிமை கோரி வந்தால் ஈடு கொடுக்கிறது. டாக்ஸ் டீடில் கவுண்டி எதற்கும் பொறுப்பேற்பதில்லை. உள்ளதை உள்ளபடி விற்கிறது. ஏலத்துக்கு முன் வீட்டுக்குள் போய்ப் பார்க்கவும் முடியாது. காப்பீட்டு நிறுவனங்களும் இத்தகைய பத்திரத்தை உடனே ஏற்பதில்லை. கொயட் டைட்டில் எனப்படும், உரிமையை நிலைநாட்டும் வழக்கில் தீர்ப்பு வாங்கி வரச் சொல்கின்றன. அது வரும்வரை நல்ல விலைக்கு விற்கவும் முடியாது, அதன் மேல் வங்கிக் கடன் வாங்கவும் முடியாது.

டாக்ஸ் டீட் பொதுவாக வங்கி அடமானத்தைத் துடைத்துவிடும். எல்லாவற்றையும் துடைத்துவிடும் என்று எண்ணக் கூடாது. ஃபுளோரிடாவில் நகராட்சியோ கவுண்டியோ விதித்த அபராத வில்லங்கங்கள் தப்பிப் பிழைக்கும். புல் வெட்டாததற்காக நாள்தோறும் ஏறிய அபராதம், வீட்டின் மதிப்பைவிடப் பெரியதாக வளர்ந்து நிற்கக்கூடும். பழைய உரிமையாளர் மத்திய வருமான வரி பாக்கி வைத்திருந்தால், விற்பனைக்குப் பிறகு குறைந்தது 120 நாள்கள்வரை அந்தச் சொத்தை மீட்டெடுக்கும் உரிமை மத்திய அரசுக்கு உண்டு. உரிமையாளர் திவால் மனு போட்டுவிட்டால் எல்லா நடவடிக்கையும் அந்த இடத்திலேயே நிற்கும்.

இவை எல்லாவற்றையும்விடப் பத்திரங்களை அதிகம் கவிழ்ப்பது, அறிவிப்பில் நேரும் குறை. 2006-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த ஜோன்ஸ் எதிர் ஃபிளவர்ஸ் வழக்கு இதற்குச் சரியான சான்று. ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் 1967-இல் வீடு வாங்கிய ஒருவர் முப்பது ஆண்டுகள் தவணை கட்டினார். வரியை அவருடைய கடன் நிறுவனமே செலுத்தி வந்தது. 1997-இல் கடன் தீர்ந்தது; அத்துடன் நிறுவனம் வரி கட்டுவதும் நின்றது. அவர் அதற்குள் மனைவியைப் பிரிந்து வேறிடத்தில் வசித்துவந்தார். வரி பாக்கி என்று மாநிலம் அந்த வீட்டுக்கு அனுப்பிய பதிவுத் தபாலைக் கையெழுத்திட்டு வாங்க ஆளில்லாமல் அது திரும்பி வந்தது. விற்கப் போகிறோம் என்று இரண்டு ஆண்டு கழித்து அனுப்பியதும் அப்படியே திரும்பியது. சுமார் 80,000 டாலர் மதிப்புள்ள அந்த வீடு 21,042 டாலருக்கு விற்கப்பட்டது. தபால் திரும்பி வந்தது தெரிந்தும் அரசு வேறெந்த முயற்சியும் செய்யாமல் வீட்டை விற்றது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. சாதாரணத் தபாலில் ஒரு கடிதம் போடலாம், கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டலாம் என்று வழிகளையும் சுட்டிக்காட்டியது. வாங்கியவர் தவறு ஏதும் செய்யவில்லை. ஆயினும் வேறொருவர் அனுப்பிய தபாலின் கதியால் அவர் வாங்கிய உரிமை ஆட்டம் கண்டது.

வீட்டுக் கடனைக் கட்டி முடித்த மகிழ்ச்சியில் இருக்கும் எவருக்கும் இந்த வழக்கு ஓர் எச்சரிக்கை: அன்று முதல் வரி உங்கள் நேரடிப் பொறுப்பு.

## மிச்சப் பணம் யாருக்கு

பாக்கி 15,000 டாலர், வீடு 40,000 டாலருக்குப் போகிறது. மீதி 25,000 யாருடையது? நகை ஏலத்தில் மிச்சம் அடகு வைத்தவருக்கே சேர வேண்டும் என்று நமக்குத் தோன்றும். மினசோட்டா உள்ளிட்ட சில மாநிலங்களில் நெடுங்காலம் அப்படி இருக்கவில்லை; மிச்சத்தையும் அரசே வைத்துக்கொண்டது. மினியாபொலிஸ் நகரில் ஜெரால்டின் டைலர் என்ற மூதாட்டியின் அடுக்ககக் குடியிருப்பில் வரி பாக்கி சுமார் 2,300 டாலர். வட்டியும் அபராதமும் சேர்ந்து ஏறத்தாழ 15,000 ஆகியது. ஹென்னபின் கவுண்டி அதை 40,000 டாலருக்கு விற்று முழுவதையும் வைத்துக்கொண்டது. அவருக்கு 94 வயதாகியிருந்தபோது, 2023 மே மாதம், உச்ச நீதிமன்றத்தின் எல்லா நீதிபதிகளும் ஒருமித்து, தனக்குச் சேர வேண்டியதற்கு மேல் அரசு எடுத்தது அரசியலமைப்பின் ஐந்தாம் திருத்தத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார்கள்.

மிச்சிகன் மாநில உச்ச நீதிமன்றம் 2020-இலேயே இதை ஒட்டிய முடிவுக்கு வந்திருந்தது. அந்த வழக்கில் உரிமையாளர் வரியில் குறைவாகக் கட்டியது 8 டாலர் 41 சென்ட். வட்டியும் கட்டணமும் சேர்ந்து 285 டாலர் 81 சென்ட். ஓக்லண்ட் கவுண்டி அந்த வீட்டை 24,500 டாலருக்கு விற்று மிச்சத்தைத் திருப்பித் தரவில்லை.

முதலீட்டாளருக்கு இதனால் என்ன? டைலர் தீர்ப்புக்குப் பிறகு பல மாநிலங்கள் தம் சட்டங்களை மாற்றி வருகின்றன. லீன் வைத்திருப்பவர் முழு வீட்டையும் சிறு பாக்கிக்காக எடுத்துக்கொள்ளும் வழிகள் அடைபட்டு, ஏலம் விட்டு மிச்சத்தை உரிமையாளருக்குக் கொடுக்கும் முறை பரவுகிறது. இது நியாயமான மாற்றம் என்பதே என் கருத்து. ஆகவே 2023-க்கு முன் எழுதப்பட்ட வழிகாட்டிகளையும் அப்போது எடுக்கப்பட்ட காணொளிகளையும் நம்பி இன்று பணம் போடுவது ஆபத்து.

## தொடங்க நினைப்பவர் செய்ய வேண்டியது

முதலில் மாநிலத்தை அன்று, ஒரே ஒரு கவுண்டியைத் தேர்ந்தெடுத்து, அதன் வரி அலுவலக இணையதளத்தில் ஏல விதிகளை முழுவதும் படிக்க வேண்டும். விற்பது லீனா, டீடா, மீட்புரிமை உள்ள டீடா என்ற கேள்விக்கு அங்கேயே விடை இருக்கும். அடுத்து, ஆசைப்படும் ஒவ்வொரு சொத்தின் மனை எண்ணையும் கவுண்டியின் வரைபடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நான்கடித் துண்டும் மழைநீர்ப் பள்ளமும் அங்கே சில நொடிகளில் தெரிந்துவிடும். பதிவுத் துறை ஆவணங்களில் அடமானம், மத்திய வரி வில்லங்கம், நகராட்சி அபராதம் ஆகியவற்றைத் தேட வேண்டும். லீன் வாங்குபவருக்கு, ஒரு பெரிய வங்கியின் அடமானம் அந்தச் சொத்தில் இருப்பது நல்ல செய்தி, ஏனென்றால் மீட்கப்போவது அந்த வங்கிதான். கிடைக்கும் வட்டி, சேமிப்புக் கணக்கின் வட்டியைப் போலவே வருமான வரிக்கு உட்பட்டது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஒரு டாலரும் போடாமல் ஓர் ஏலச் சுற்றைப் பார்ப்பதும் முடியும். ஏலப் பட்டியல் முன்கூட்டியே வெளியாகிறது. எந்தச் சான்றிதழ் எத்தனை சதவீதத்துக்குப் போனது என்பதும், பிறகு எது மீட்கப்பட்டது என்பதும் பல கவுண்டிகளில் எவரும் பார்க்கக்கூடிய பொது ஆவணம். பட்டியலிலிருந்து பத்துப் பதினைந்து சொத்துகளைக் குறித்து வைத்துக்கொண்டு, தானாக இருந்தால் எத்தனைக்குக் கேட்டிருப்போம் என்று பக்கத்தில் எழுதி, ஓராண்டு கழித்து அந்தச் சொத்துகளின் நிலையை அதே இணையதளத்தில் சரிபார்க்கலாம். விலை கொடுத்துச் சேரும் வகுப்புகள் சொல்லாத இரண்டு எண்கள், அதாவது அந்த ஊரில் உண்மையில் கிடைக்கும் வட்டியும் மீட்புக்கு ஆகும் மாதங்களும், அதில் தெரிந்துவிடும்.